பெயரும் குறியும்: திருமுக்கூடல் சுவரில் ஓர் எழுத்துக் கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் பழையசீவரத்தில் திரும்பிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் இடம். மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைத் தாண்டி இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வருவார். சுற்றுப்பட்டு ஊர்களின் பெருமாள்களும் அன்று இங்கே கூடுவார்கள். திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் கோயிலின் திருச்சுற்றுச் சுவரைக் கடந்துதான் போகிறார்கள். அந்தச் சுவரில்தான் தமிழகத்தின் மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று இருக்கிறது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தது. 1915ஆம் ஆண்டின் கல்வெட்டு அறிக்கையில் 182ஆம் எண்ணாகப் பதிவானது. பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதை முழுமையாகப் படித்து ‘எபிகிராஃபியா இண்டிகா’வின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கல்வெட்டு ‘சோழர் கால மருத்துவமனை’ என்ற ஒரு வரியாக அறிமுகமாகிறது. 15 நோயாளிகள் தங்கும் ஆதுலர்சாலை, வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்விச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று அது வரையறுக்கிறது. வரலாற்றுக்கு அது பெரிய செய்திதான். ஆனால் எனக்கு அந்தச் சுவர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். ஒரு பெயரும் ஒரு குறியும் பொருளைச் சுமப்பது எப்படி, எந்த இடத்தில் அந்தச் சுமை நழுவி விழுகிறது என்பதைத் தமிழில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. இன்று நாம் கணினியிலும் கைபேசியிலும் தமிழை எழுதும்போது சந்திக்கும் சிக்கல்களில் பல அங்கே ஏற்கெனவே கல்லில் இருக்கின்றன.

மருந்துகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறேன். ஆதுலர்சாலையில் ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய ஏறக்குறைய 20 மருந்துகளின் பெயர்கள் கல்லில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, வாஸா ஹரீதகி, பில்வாதி கிருதம், லசுனாதி ஏரண்ட தைலம், தாம்ராதி, விமலை, சுநேத்ரி, வஜ்ரகல்பம், கல்யாணலவணம், புராண கிருதம் என்று போகிறது பட்டியல். மருத்துவம் படிக்காதவருக்கு இது வெறும் வடமொழிச் சொற்கோவை. சற்று நின்று படித்தால் ஒவ்வொரு பெயரும் ஒரு வேலை செய்வது தெரியும். ஹரீதகி என்றால் கடுக்காய். தசமூல ஹரீதகி என்றால் பத்து வேர்களோடு சேர்ந்த கடுக்காய் மருந்து. கிருதம் நெய், தைலம் எண்ணெய், லவணம் உப்பு. பெயரின் பின்பாதி மருந்தின் வடிவத்தைச் சொல்கிறது. முன்பாதி உள்ளே போகும் சரக்கைச் சொல்கிறது.

பில்வாதி, லசுனாதி, தாம்ராதி என்ற பெயர்களில் வரும் ‘ஆதி’யைக் கவனிக்க வேண்டும். வில்வம் முதலியவை, பூண்டு முதலியவை, செம்பு முதலியவை. அந்த ‘முதலியவை’ எவை என்று கல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மருத்துவரின் சுவடியில் அது இருக்கிறது, அவருக்குப் பாடமாகவும் இருக்கிறது. ஆக, கல்லில் இருப்பது வேறோர் இடத்தை நோக்கிக் கைகாட்டும் பெயர். கணினி நிரல் எழுதுபவர்கள் இதைச் சுட்டி என்பார்கள். தரவைத் தன்னுள் வைத்திருக்காமல் தரவு இருக்கும் இடத்தை மட்டும் வைத்திருப்பது சுட்டி. அது காட்டும் இடம் அழிந்துவிட்டால் சுட்டி மட்டும் மிஞ்சும், அதனால் பயனில்லை. பில்வாதி கிருதத்தை இன்றும் நம்மால் ஓரளவு அறிய முடிகிறதென்றால் ஆயுர்வேத நூல்களும் அவற்றைப் படிப்பவர்களும் தொடர்ந்து இருந்ததுதான் காரணம். கல் ஒன்றே அதைக் காப்பாற்றிவிடவில்லை. அதே பட்டியலில் உள்ள ‘கடும்பூரி’ தன் உட்பொருளை அவ்வளவு எளிதில் காட்டுவதில்லை. இரண்டையும் வெட்டியது ஒரே உளி.

இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது இதுதான். குறி தன் வடிவத்தில் பொருளை வைத்திருப்பதில்லை. அதன் பெயர், அதைப் பயன்படுத்தும் முறை, அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மனிதர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பொருளைத் தாங்குகின்றன. கணினி வடிவத்துக்கு மட்டும் அழியாத ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது. மற்ற மூன்றையும் அது தராது. அவற்றை நாம் தர வேண்டும்.

கணக்குக் குறிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வைத்தியரான கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம் நெல். ஒரு கலத்துக்கு 12 குருணி. 90 கலத்தைக் குருணியாக்கினால் 1,080. அதை 360 நாளால் வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 3 குருணி. அறுவை செய்பவருக்கு 1 குருணி. ஆண்டு 360 நாள், கலம் 12 குருணி, குருணி 8 நாழி என்ற அலகுகளின் உறவு தெரியாதவருக்கு 90 கலம் என்பது ஒரு பெரிய எண் மட்டுமே. தெரிந்தவருக்கு அதில் ஒரு நாள் கூலி தெரிகிறது. ஊர்க்கணக்கர்கள் இந்த அளவுகளை ஒவ்வொரு தடவையும் சொல்லாக எழுதிக்கொண்டிருக்கவில்லை. நெல்லுக்கு ஒரு குறி, குருணிக்கு ஒரு குறி, பதக்குக்கு ஒன்று, காசுக்கு ஒன்று, பொன்னுக்கு ஒன்று. பின்னங்களுக்கும் அப்படியே. 320இல் ஒரு பங்கு முந்திரி, 80இல் ஒரு பங்கு காணி, 20இல் ஒரு பங்கு மா. மா, காணி என்பவை நில அளவையின் பெயர்களும்கூட. ஒரு வேலிக்கு 20 மா. கணக்கு நிலத்திலிருந்து வந்தது என்பதற்குப் பின்னத்தின் பெயரே சாட்சி.

அச்சும் தட்டச்சும் வந்தபோது இந்தக் குறிகளுக்கு இடம் கிடைக்கவில்லை. சில தப்பிப் பிழைத்தன. நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺. பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் கிரயப் பத்திரங்களிலும் இவற்றைப் பார்த்தவர்கள் உண்டு. இவற்றில் ‘மேற்படி’க்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். கையெழுத்தில் அந்தக் குறி ‘ஷ’வும் இணைக்கொம்பும் சேர்ந்ததுபோலத் தோன்றும். பத்திரம் எழுதுபவர்களும் அச்சுக் கோப்பவர்களும் தங்களிடம் இருந்த எழுத்துகளைக் கொண்டு அதை ‘ஷை’ என்றும் ‘ஷெ’ என்றும் வைத்தார்கள். ‘ஷை நிலம்’, ‘ஷை நபர்’ என்று பத்திரங்களில் வருவது இப்படித்தான். படிப்பவர் வாயால் ‘மேற்படி நிலம்’ என்றே சொல்வார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. குறியின் வடிவம் சிதைந்த பிறகும் பழக்கம் அதன் பொருளைப் பிடித்துக்கொண்டது. இன்றைய தலைமுறைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. தாத்தாவின் பத்திரத்தை ஸ்கேன் செய்து கணினி வழியே எழுத்தாக மாற்றும் பேரனுக்கு ‘ஷை’ என்பது யாரோ ஒருவரின் பெயராகக்கூடத் தோன்றலாம்.

யூனிகோடு என்று எல்லோரும் அழைக்கும் ஒருங்குறி 1991இல் முதல் பதிப்பாக வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. மேலே சொன்ன எட்டுக் குறிகள் 2003இல் நான்காம் பதிப்பில் சேர்ந்தன. முந்திரியும் குருணியும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் வந்த 12ஆம் பதிப்பில்தான் ‘தமிழ் கூடுதல்’ என்று சொல்லத்தக்க தனித் தொகுதி சேர்ந்தது. மொத்தம் 51 குறிகள். ஸ்ரீரமண சர்மா அதற்கான முன்மொழிவைத் தயாரித்தவர். நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குருணி, பதக்கு, முக்குருணி, காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம், ‘முதலிய’, ‘வகையறா’ என்று ஊர்க்கணக்கரின் உலகமே அதில் இருக்கிறது. ‘வகையறா’வுக்கென்று தனிக்குறி வைத்திருந்த ஒரு சமூகம் கணக்கில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்!

ஆயினும் இவற்றை ஒரு கைபேசியில் திறந்தால் பெரும்பாலும் வெறும் கட்டங்களே தெரியும். எழுத்துரு வேண்டும். நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் இதற்கென்று தனி எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டால் குறி தெரியும். தெரிந்த பிறகு அதைக் குருணி என்று வாசிக்க ஆள் வேண்டும்.

ஒரே வடிவம் பல பொருளைத் தாங்குவது நம் மரபில் குறையாக இருந்ததில்லை. விளையாட்டாகவும் இருந்தது. தமிழ் எண்ணில் எட்டின் குறி ‘அ’ போன்றது, கால் என்ற பின்னத்தின் குறி ‘வ’ போன்றது. இந்த இரண்டையும் சேர்த்து ‘அவ’ என்று படிக்கவைத்து ஒருவரை வைததாக ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடலே வழங்குகிறது. ‘உ’ என்ற வடிவம் உயிரெழுத்து, இரண்டு என்ற எண், பிள்ளையார் சுழி ஆகிய மூன்றாகவும் நிற்கும். கடிதத்தின் தலையில் இருந்தால் சுழி. கணக்கில் இருந்தால் இரண்டு. சொல்லில் இருந்தால் எழுத்து. இடம்தான் பொருளைத் தீர்மானித்தது, படிப்பவர் மயங்கியதில்லை.

கணினிக்கு இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியாது. அதற்கு எண் 2 வேறு, எழுத்து உ வேறு. ஆகவே ஒருங்குறி இரண்டையும் பிரித்து இரண்டு இடங்களில் வைத்தது. சரியான முடிவு. ஆனால் விசைப்பலகையில் தமிழ் எண்கள் எளிதில் கிடைக்காததால் நம்மவர்கள் ௧, ௨, ௩ என்பதற்குப் பதிலாக க, உ, ங என்றே தட்டுகிறார்கள். மின்நூல்களில் பாடல் எண்கள் இப்படி எழுத்துகளாக உட்கார்ந்திருக்கின்றன. கண்ணுக்குச் சரி. தேடும் பொறிக்கு அவை எண்களே இல்லை.

திருமுக்கூடல் கல்வெட்டு தொடங்குவது சோழர் கல்வெட்டுகளின் வழக்கப்படி ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லோடு. கடைசி எழுத்தான ‘ஸ்ரீ’யைக் கிட்டத்தில் பார்ப்போம். இது கூட்டெழுத்து, ‘ஶ’ என்ற ஒலியில் பிறந்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் 2005 வரை ‘ஶ’ இல்லை. அதனால் ஸ, புள்ளி, ர, ஈகாரக்குறி என்ற நான்கு எண்களின் வரிசையால் ‘ஸ்ரீ’ உண்டாக்கப்பட்டது. 2005இல் ‘ஶ’ சேர்ந்ததும் அதைக் கொண்டு எழுதுவதே முறையென்று ஆனது. அதற்குள் கோடிக்கணக்கான இடங்களில் பழைய வரிசை பதிந்துவிட்டது. இன்று இரண்டு வரிசைகளும் வழக்கில் இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒரே உருவம். கணினியின் உள்ளே இரண்டு வெவ்வேறு சொற்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஒரு வகையில் தேடினால் மறு வகையில் எழுதப்பட்டவை கிடைக்காமல் போகலாம், மென்பொருள் எழுதியவர் இதை அறிந்து வழி செய்திருந்தால் ஒழிய.

‘சோழன்’ என்ற சொல்லிலும் இப்படி ஓர் இரட்டைத்தன்மை உண்டு. ஓகார உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஆனால் இதற்கு ஒருங்குறியே தீர்வு வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று விதியாக எழுதி, இயல்பாக்கம் என்ற முறையால் ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்ரீக்கு அந்த விதி இல்லை. ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக எழுதுவதற்கும் இல்லை. ‘ஔவை’ என்பதை ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதுபவர்கள் ஏராளம். அரசு இணையப் பக்கங்களிலும் பாடநூல்களிலும்கூடக் காணலாம். கண் ஏமாறுகிறது, அகரவரிசை குலைகிறது, வாசிப்பு மென்பொருள் ‘ஒளவை’ என்று ளகரத்தை அழுத்திப் படிக்கிறது. பார்வையற்ற ஒரு மாணவர் கேட்பது அதைத்தான்.

வடிவத்தை விட்டுப் பெயருக்கு வருகிறேன். ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணோடு ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. ஆய்த எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’. தொல்காப்பியம் தொட்டு நமக்கு அது ஆய்தம். வடமொழி விசர்க்கத்தின் ஒலியும் வேலையும் வேறு. பக்கத்தில் சிறு குறிப்பாகத்தான் ‘ஆய்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய இடத்தில் ‘தமிழ் அனுஸ்வாரக் குறி’ என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழேயே ‘தமிழில் பயன்படுவதில்லை’ என்று குறிப்பு! தமிழில் பயன்படாத ஒரு தமிழ்க் குறி எப்படி வந்தது?

காரணம் எளிது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘இஸ்கி’ என்ற தேசியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை ஒருங்குறி அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தத் தரம் தேவநாகரியின் அடுக்கைச் சட்டமாக வைத்து மற்ற மொழிகளை அதில் பொருத்தியது. ஒருங்குறி அட்டவணையில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நாகரியின் மற்ற மூன்று ககரங்கள் அமரும் இடங்கள் அவை. ‘ன’ நகரத்தை ஒட்டிப் பகரத்துக்கு முன்பாக வருகிறது. ‘ற’ ரகரத்தின் பின்னே போய் நிற்கிறது. எண் வரிசைப்படி அடுக்கினால் நம் நெடுங்கணக்கு வராது. அகராதி வரிசை வேண்டுமென்றால் அதற்குத் தனி விதி எழுத வேண்டும். ழகரத்தின் பெயரோ லகர ஒலிக்கான ரோமன் எழுத்தை மூன்று முறை அடுக்கி வைத்த பெயர்.

பிழை தெரிந்தால் திருத்தலாமே என்று தோன்றும். முடியாது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதற்கொண்டு, ஒருமுறை வைத்த பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதிமொழி. உலகின் மென்பொருள்கள் அந்தப் பெயரை நம்பி எழுதப்பட்டிருக்கின்றன, மாற்றினால் அவை உடையும் என்பது அதற்கான நியாயம். நான் இந்த விதியைக் குறை சொல்லவில்லை. கல்லில் வெட்டுவதற்கும் இதே நியாயம்தான். சந்திர சூரியர் உள்ளவரை செல்லுபடியாக வேண்டிய ஆணையை நாளுக்கு ஒரு தரம் மாற்ற முடியாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன் சோழ நிர்வாகம் அத்தனை கைகளில் ஆணையைக் கடக்கவைத்தது. வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயைக் கோயிலுக்கு உரியதாக்கும் அரசாணைதான் இந்தக் கல்வெட்டின் அடிப்படை. புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று சோழர் கால அலுவலர்கள் படிநிலை படிநிலையாகப் பார்த்துப் பதிந்த பிறகே இத்தகைய ஆணைகள் ஊருக்கு வந்தன. அழியாத ஒன்றுக்குப் பெயர் வைப்பதானால் அந்தப் பொருளை அறிந்தவர்கள் முன்கூட்டியே அவையில் இருக்க வேண்டும். 1980களின் கடைசியில் தமிழுக்கு ஆள் இல்லை. ஆய்தம் விசர்க்கமானது அப்படித்தான்.

2010இல் ஆள் இருந்தார்கள். கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் தனிப்பகுதி ஒதுக்கும் முயற்சியில், எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்து தமிழ் எழுத்துகளையும் கிரந்தப் பகுதியில் சேர்க்கலாம் என்று யோசனை எழுந்தது. தமிழறிஞர்களும் அமைப்புகளும் எதிர்த்தனர். அன்றைய முதல்வர் மு. கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014இல் ஏழாம் பதிப்பில் கிரந்தம் வந்தபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. அந்தச் சர்ச்சையில் இரு தரப்பிலும் கோபம் மிகுந்திருந்தது. ஆனால் சரியான விடை திருமுக்கூடல் சுவரில் முன்பே இருந்தது என்பது என் எண்ணம். அங்கே வடசொல் வந்தால் கிரந்தம், தமிழ்ச் சொல் வந்தால் தமிழ் எழுத்து. ஒரே வரியில் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. ஒரு லிபியின் எழுத்தை மற்றதற்குள் குடியேற்ற வேண்டிய தேவை அந்தக் கல்தச்சருக்கு வரவில்லை. மொழி மாறும் இடத்தில் அவர் லிபியை மாற்றினார், அவ்வளவே. கணினியிலும் அது இயல்பாகச் செய்யக்கூடியதுதான்.

குறியின் வரிசைகூடப் பொருள் தரும். மொரீசியஸ் நாட்டு ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இடம்பெறுகின்றன. 1998இல் வெளியான புதிய தாள்களில் மொழிகளின் வரிசையில் தமிழ் கீழே தள்ளப்பட்டிருந்தது. எழுத்து ஒன்றும் குறையவில்லை, இடம்தான் மாறியது. அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து எழுந்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு பழைய வரிசையோடு புதிதாக அச்சிடப்பட்டன. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் இந்திய ரூபாய்க் குறிக்குப் பதிலாக ‘ரூ’ இடம்பெற்றதைப் பற்றியும் நாடு முழுவதும் பேசியது. அந்த ரூபாய்க் குறியை 2010இல் வடிவமைத்த த. உதயகுமாரும் தமிழரே. இரண்டு குறிகளும் ஒரே பணத்தைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் எதை எங்கே வைத்தார்கள் என்பதில் மக்கள் வேறு செய்தியைப் படித்தார்கள், அது படிக்கப்பட வேண்டும் என்றே வைக்கப்பட்டதும்கூட.

மனிதரின் பெயர் இன்னும் நுட்பமானது. அந்த ஆதுலர்சாலை வைத்தியரின் பெயரில் தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கோதண்டராமன் மகன் அசுவத்தாம பட்டன். ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழர்கள் பெயர் எழுதும் முறை இதுவே. தந்தை பெயர் ஒரு தலைப்பெழுத்தாகச் சுருங்கியது, அது ஒன்றே வேறுபாடு. அந்தத் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. ஆனால் உலகின் பெரும்பாலான கணினிப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு நம்மை அதில் பொருந்தச் சொல்கின்றன. குடும்பப்பெயர் இல்லாதவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் ஏற்காது. தந்தை பெயரை அதில் இட்டால் வெளிநாட்டில் அவரை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. படிவத்தை வடிவமைத்தவருக்குத் தெரிந்த பெயர் முறை ஒன்றே ஒன்று. எத்தனையோ தமிழ்ப் பெயர்கள் அதற்காக வளைய வேண்டியிருக்கிறது.

பெயரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு அதே வட்டாரத்தில் வேறொரு சான்று இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலைத் தேர்தலை விதிவிதியாகச் சொல்கின்றன. 30 குடும்புகளிலும், அதாவது ஊர்ப் பிரிவுகளிலும், தகுதி உள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுத வேண்டும். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனியே கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றைச் சேர்த்துக் குடத்தில் இட வேண்டும். எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் இட்டுக் கலந்து, மறுபடி அவனே ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பார். பிறகு அவையில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் அதைப் படிக்க வேண்டும்.

எழுத்தின் மேல் எவ்வளவு மரியாதையும் எவ்வளவு எச்சரிக்கையும் இதில் இருக்கிறது என்று பாருங்கள். எடுக்கும் கைக்குப் பொருள் தெரியக் கூடாது. படிக்கும் வாய்கள் பலவாக இருக்க வேண்டும். வாயோலை இல்லாத கட்டு எந்தக் குடும்பினுடையது என்று யாரும் சொல்ல முடியாது. இன்று ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும் மின்னஞ்சலும் தலையில் ஒரு குறிப்பைச் சுமந்தே போகிறது, உள்ளே இருக்கும் எழுத்து எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று அது சொல்லும். 2000ஆம் ஆண்டு வாக்கில் மின்னஞ்சலில் தமிழ் எழுதியவர்களுக்கு அந்தக் குறிப்பின் அருமை தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியாக்கங்கள் புழங்கிய காலம். எதில் எழுதியது என்று தெரியாவிட்டால் வந்து சேருவது படிக்க முடியாத எழுத்துக் குப்பை. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துக்கும் தனி எண் தரும் ‘டேஸ்’ 16 பிட்டுக் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைத்தது.

இனி நடக்க வேண்டிய வேலைகள் பெரிய ஆராய்ச்சிகள் அல்ல. நம் கல்வெட்டுப் பதிப்புகளில் பெரும்பகுதி அச்சு நூல்களாகவும் பக்கப் படங்களாகவும்தான் கிடைக்கின்றன. குறி வந்த இடத்தில் பதிப்பாசிரியர் சொல்லாக விரித்து எழுதியிருப்பார், கிரந்தம் வந்த இடத்தில் தடித்த எழுத்தோ தமிழ் எழுத்தோ இருக்கும். அச்சில் அதற்கு மேல் செய்ய அன்று வழியில்லை. இன்று வழி இருக்கிறது. கிரந்தத்தைக் கிரந்தமாகவும் குருணியைக் குருணிக் குறியாகவும் உள்ளிட்டு, பக்கத்தில் விரிவையும் தந்து, தேடக்கூடிய எழுத்தாக வெளியிட முடியும். இந்தியத் தொல்லியல் துறையும் தமிழகத் தொல்லியல் துறையும் இதைச் செய்ய வேண்டும். செய்யும்போது ஸ்ரீயை எந்த வரிசையில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரமோ கணக்கு ஓலையோ இருந்தால், குறிகளைப் படிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைக் குறிக்கு நேரே எழுதிவையுங்கள். ‘ஔ’வை ஒரே எழுத்தாகத் தட்டுங்கள். அந்தக் கல்வெட்டின் வயலைக்காவூர் இன்றும் வயலக்காவூர் என்ற பெயரில் உத்திரமேரூர் வட்டாரத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி தன் ஊரின் பெயரைக் கைபேசியில் தேடினால் திருமுக்கூடல் சுவரின் அந்த வரி அவளுக்குக் கிடைக்க வேண்டும்.